நடு அடியை விழுங்கியவர்

ஒரு பொருள் நன்றாக இருக்கிறது என்றோ கெட்டுவிட்டது என்றோ அவர் சொல்லி நான் கேட்டதில்லை. “காது ஒத்துக்கிச்சு” என்பார். இல்லாவிட்டால் “ஒத்துக்கல” என்பார். தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கிற சத்தத்தைக் கேட்டே, “கல்லு இன்னும் காயல, நைனா. கொஞ்சம் கயிச்சு சொல்லு” என்று என்னைத் தடுப்பார். கடைக்காரருக்குக் கோபம் வரும். பக்கத்து மேஜைக்குப் போகிற தோசை பிய்ந்து பிய்ந்து வருவதைப் பார்த்ததும் அந்தக் கோபம் அடங்கிவிடும்.

கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் சக்கரம் தட்டுகிற வேலை அவருக்கு. சரக்கு வண்டி புறப்படுமுன் நீளக் காம்பு போட்ட சுத்தியலோடு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து, ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு தட்டு தட்ட வேண்டும். விரிசல் இல்லாத சக்கரம் ‘ணங்’ என்று நீளும். விரிசல் விழுந்த சக்கரத்தின் சத்தம் ‘டொக்’ என்று அங்கேயே செத்துவிடும். “இந்த ரெண்டையும் யாரு வேணா சொல்லிடுவாங்க. நடுவுல கீற சத்தத்துக்குத்தான் எனக்குச் சம்பளம்” என்பார்.

ஒருமுறை எண்ணெய் ஏற்றிய டாங்கி வண்டிகளில் ஒன்றின் சக்கரத்தில் சாக்பீஸால் குறி போட்டுவிட்டார். மேலதிகாரி வந்து தானே தட்டிப் பார்த்தார். சத்தம் நன்றாகத்தான் இருந்தது. குறியை அழிக்கச் சொன்னார். இவர் அழிக்கவில்லை. “நீங்க அழிச்சுக்குங்க சார். என் காது ஒத்துக்கல” என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொண்டார். அழிக்க அதிகாரிக்கும் கை வரவில்லை. அந்த வண்டியைக் கழற்றிவிட்டு மசகைத் துடைத்துப் பார்த்தபோது, உள்பக்க விளிம்பில் தலைமுடி போல ஒரு கோடு ஓடியிருந்தது. இன்னொரு முறை அதேபோலக் குறி போட்டு, அதேபோல நின்றார். துடைத்துப் பார்த்தார்கள். ஒன்றுமே இல்லை. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “கண்ணுக்குத் தெர்லன்னா இல்லைன்னு அர்த்தமா?” என்று கேட்டாராம். அவரோடு பழகுவதில் இருந்த கஷ்டமும் இதுதான்.

இந்த இரண்டு சம்பவங்களையும் எனக்குச் சொன்னவர் ஓர் ஆங்கிலோ இந்தியர். சரக்கு வண்டிகளில் கார்டாக இருந்தவர். ராயபுரத்தில் எல்லாருக்கும் அவர் ‘கார்டு தொரை’. ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த ஹாலில் சனிக்கிழமை மாலைகளில் நடனம் நடக்கும். அதற்கு வாசிக்கிற நாலு பேர் குழு அவருடையது. அவர் பியானோ. கஸ்டம்ஸில் குமாஸ்தாவாக இருந்த ஒருவர் கிடார். நான் கிளாரினெட். தெற்கேயிருந்து வந்து கல்மண்டபத்தில் கருப்பட்டியும் மிளகாய் வற்றலும் மொத்த வியாபாரம் செய்த கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. சர்ச் பேண்டில் கற்றுக்கொண்ட வாத்தியத்தை வீட்டாருக்குப் பிடிக்காத இடத்தில் வாசித்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. சக்கரம் தட்டுகிறவருக்கு முப்பது தாண்டியிருக்கும்.

சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷங்களில் எங்கள் டிரம்ஸ்காரர் குடும்பத்தோடு கப்பலேறிவிட்டார். டிரம் செட் மட்டும் துணி போர்த்தி மூலையில் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கார்டு தொரை இவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார்.

“என் வண்டியை இவன் தட்டினா நான் நிம்மதியா போவுது, மேன். இவன் காது எனக்கு வேணும். கை அப்பால வரும்.”

இவர் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். “என்னை எதுக்குக் கூப்டீங்க தொரை? அத்த முதல்ல சொல்லிடுங்க.”

“சொல்லிட்டேனே, மேன். காதுக்கு.”

“வேற எதுக்கும் இல்லியே?”

“வேற எதுக்கு?” தொரைக்கு நிஜமாகவே புரியவில்லை. அது புரியாததால்தான் இவர் உள்ளே வந்தார் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கும் புரியவில்லை. அவர் வீடு வியாசர்பாடியில் எந்தப் பக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும், நல்ல வார்த்தை சொல்வதாக நினைத்துக்கொண்டு ஒன்று சொன்னேன். “அப்போ உங்களுக்கு இது ரத்தத்துலயே இருக்குமே, அண்ணாத்தே.”

அவர் குச்சிகளைக் கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். “என் ரத்தத்துல டீத்தண்ணிதான் கீது, நைனா” என்றார்.

அதை அன்றே நிரூபித்தும் விட்டார். அவ்வளவு மோசமாக யாரும் டிரம் அடித்து நான் பார்த்ததில்லை. கை ஒரு பக்கம் போனால் கால் மறுபக்கம் போனது. பாஸ் டிரம்மின் பெடலை, லாரி பிரேக்கை மிதிப்பது போல மிதித்தார். அந்தக் காதுக்கும் அந்தக் கைக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் தான் எவ்வளவு மோசம் என்பது அந்தக் காதுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. வேறொருவராக இருந்தால் அந்த வேதனையிலேயே விட்டுவிட்டுப் போயிருப்பார்.

நாலைந்து மாதத்தில் நேரான அடி வந்துவிட்டது. பேண்டு நடை, வால்ட்ஸ் எல்லாம் ஒருமாதிரி ஓடின. வராமல் நின்றது ஷஃபிள்.

துறைமுகத்தில் இறங்கிய ஒரு மாலுமி கொடுத்துவிட்டுப் போன இசைத்தட்டு ஒன்று கார்டு தொரையிடம் இருந்தது. அதில் இருந்த அந்த அடிதான் வரும் கிறிஸ்துமஸ் நடனத்துக்கு வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். கேட்டால் மிகச் சாதாரணமாக இருக்கும். இரண்டு இரண்டு அடியாக, முதல் அடி கொஞ்சம் நீண்டு, அடுத்த அடி கடைசி நொடியில் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒருவர் நடந்துகொண்டே தோளில் நழுவும் துண்டைச் சரிசெய்து சரிசெய்து போவது போல ஒரு நடை. அதை இவர் அடித்தால் டக்-டக், டக்-டக் என்று விறைத்துக்கொண்டு வந்தது.

“குதிரை ஓடுது, மேன்” என்றார் தொரை. “நான் கேட்டது டான்ஸ்.”

தொரைக்கு வாசிக்கத் தெரியும், விளக்கத் தெரியாது. எனக்கு விளக்கத் தெரியும் என்று நினைப்பு. “தகிட தகிட-ன்னு மூணு மூணா எண்ணுங்க அண்ணாத்தே. நடுவுல வர்ற ‘கி’யை மட்டும் அடிக்காம விட்ருங்க. த... ட, த... ட. அவ்வளவுதான்” என்றேன்.

அவர் ஒரு வாரம் கழித்து வந்து என்னைத் திருத்தினார். “விடறதில்ல, நைனா. முழுங்கறது. விட்டா அது இல்லாமப் பூடும். அப்பால குதிரைதான். முழுங்குனா உள்ளே கீது. கேக்கறவனுக்குத் தெர்ல, அடிக்கறவனுக்குத் தெரியும்.”

தெரிந்துகொண்ட பிறகும் கைக்கு வர இன்னும் ஐந்து மாதம் ஆயிற்று. யார்டில் தகரக் கொட்டகைக்குள், மடித்த சாக்கின்மேல் இரண்டு குச்சிகளை வைத்துக்கொண்டு சாப்பாட்டு நேரம் முழுக்க அடிப்பார். வேலை முடிந்து வந்து, கல்மண்டபத்திலிருந்து காசிமேடு வரை என்னோடு கடற்கரை ரோட்டில் நடக்கும்போது வாயால் சொல்லிக்கொண்டே வருவார். ‘த’ என்று திறந்து, உதட்டை மூடி, ‘ட’ என்று திறப்பார். மூடிய உதட்டுக்குள் ‘கி’ போவது தொண்டையின் அசைவில் தெரியும். மீன் கூடையோடு எதிரே வருகிற பெண்கள், “இன்னாய்யா, ஆளுக்கு வலிப்பா?” என்று என்னிடம் கேட்பார்கள். வீட்டில் பழகலாமே என்று கேட்டேன். “வூட்ல ஆவாது” என்றார். ஏன் என்று சொல்லவில்லை.

தண்டவாளத்துச் சத்தம்தானே இது, நீங்கள் தினமும் கேட்பதுதானே என்று கிடார்க்காரர் ஒருநாள் சொன்னார். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. “அது இரும்பு தானா பண்ற சத்தம் சார். இது மனுசன் வேணும்னு பண்றது.”

ஐப்பசி மழை கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒத்திகைக்கு வந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். ஹாலின் கூரை ஒழுகியது. டிரம் செட்டை நனையாத இடத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டு அவர் அடிக்க ஆரம்பித்தார். மெதுவாக, ஒரே வேகத்தில், அரை மணி நேரத்துக்கு மேல். நான் கிளாரினெட்டின் ஊதுவாய் நாணலைத் துடைத்துக்கொண்டு வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று பார்த்தால் என் கால் ஆடிக்கொண்டிருந்தது. எப்போதிலிருந்து ஆடுகிறது என்று தெரியவில்லை. நிமிர்ந்தேன். அவர் என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒத்துக்கிச்சா அண்ணாத்தே?”

“முக்காவாசி” என்றார். அடிப்பதை நிறுத்தவில்லை. நான் கிளாரினெட்டை எடுத்தேன். அன்றைக்கு நாங்கள் வாசித்ததுபோல அதற்குமுன் நான் வாசித்ததில்லை, அதற்கப்புறமும் வாசித்ததில்லை. அந்த அடியின்மேல் சாய்ந்து நின்றால் போதும், அது நம்மைத் தாங்கிக்கொண்டு போயிற்று.

அதற்கு அடுத்த ஞாயிறோ அதற்கும் அடுத்ததோ, நாங்கள் நாலு பேரும் வாசித்துக்கொண்டிருக்கும்போது ஒரு கிழவர் வாசலில் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் குடை. செருப்பைக் கழற்றாமல் நிமிர்ந்து நின்றார். பாட்டு முடியும்வரை அசையவில்லை. முடிந்ததும் இவர் எழுந்து நின்றுவிட்டார்.

“எங்க அப்பா” என்றார் எங்களிடம்.

கிழவர் யாரையும் கவனிக்காமல் மகனிடம் பேசினார். “அந்தக் கடைசிய மட்டும் தனியா அடி. இவங்கல்லாம் வேணாம்.”

இவர் உட்கார்ந்து ஷஃபிளை அடித்தார். கிழவர் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார்.

“நடுவுல ஒண்ணு முழுங்கறியே?”

எங்களுக்கு ஐந்து மாதம் பிடித்தது அவருக்கு ஐந்து நொடியில் கேட்டுவிட்டது. “அது அப்டித்தாம்பா” என்றார் மகன்.

“யாரு சொல்லிக் குட்த்தது?”

“யாரும் இல்ல. தட்டுல கேட்டேன்.”

கார்டு தொரை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். கிழவர் உட்காரவில்லை. செங்கல்பட்டுப் பக்கத்து ஊரொன்றில் தான் பறை அடித்தவர் என்றும், பெரிய தெருவில் சாவு விழுந்தால் எந்த நேரத்திலும் ஒரு சீட்டி அடித்துத் தன்னைக் கூப்பிடுவார்கள் என்றும் எங்கள் மூன்று பேருக்கும் சொன்னார். கோபமில்லாமல், சாட்சி சொல்வது போலச் சொன்னார். “எனக்குக் காய்ச்சல். என் மூத்த பொண்ணு செத்து மூணாம் நாளு. அன்னிக்கும் சீட்டி அடிச்சான். போனேன். அடிச்சேன். வந்து அத்தக் கீய வச்சேன். குடும்பத்த இட்டுகினு ரயிலேறிட்டேன். ஆர்பர்ல மூட்டை தூக்குனேன், புத்தர் சங்கத்துல சேந்தேன், இவனைப் படிக்க வச்சேன். எங்க வூட்ல குச்சி புடிக்கிற கை இனிமே கெடையாதுன்னு பத்து பேருக்கு முன்னால சொல்லிக்கீறேன்.”

பிறகு மகன் பக்கம் திரும்பினார். “உன்ன யாரு கூப்ட்டா வந்தே?”

“கூப்ட்டாங்க. ஆனா நானாத்தான் வந்தேன்.”

“என்னிக்காவது ஒரு பொணத்துக்கு முன்னால அடின்னு சொல்லுவான். அன்னிக்கு இன்னா பண்ணுவே?”

“அடிக்க மாட்டேம்பா.”

“உன் தோஸ்து வந்து கேப்பான். உனக்கு நல்லது பண்ணவன் வந்து கேப்பான். மூஞ்சியப் பாத்து இல்லைன்னு சொல்லுவியா?”

இவர் கையிலிருந்த குச்சிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிழவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். தடுக்கவும் இல்லை, அனுமதிக்கவும் இல்லை. அன்று நாங்கள் மேற்கொண்டு வாசிக்கவில்லை.

கிறிஸ்துமஸ் நடனத்தில் அந்த அடி போய்ச் சேர்ந்தது. கார்டு தொரை தன் பழைய கறுப்புக் கோட்டை இவர் அளவுக்குத் தைத்துக் கொடுத்திருந்தார். ஷஃபிள் ஆரம்பித்ததும், சுவரோரம் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தட்டைக் கீழே வைத்தார்கள். தொரை பியானோவில் இருந்தபடியே திரும்பி இவரைப் பார்த்துச் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியும் துடைக்காமல், எங்கேயோ தூரத்தில் நகர்கிற ஒன்றைக் கவனிப்பவர் போல இருந்தார். முடிந்ததும் என் காதருகே குனிந்து, “முழுசா ஒத்துக்கிச்சு, நைனா” என்றார். அவர் முகத்தில் அப்படி ஓர் அமைதியை நான் மறுபடி பார்க்கவில்லை.

தை மாதம் என் பெரியப்பா இறந்துபோனார். கடையை உண்டாக்கியவர். அவரை எடுத்துப்போவது ராயபுரமே பார்க்கும்படி இருக்க வேண்டும் என்று சித்தப்பா நினைத்தார். சர்ச் பேண்டுக்காரர்கள் வேளாங்கண்ணிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள்.

“ஏல, ஒரு கொட்டுச் சத்தங்கூட இல்லாம அண்ணனைக் கொண்டுபோக முடியுமா?” என்றார் சித்தப்பா. “உன் கூட்டாளி ஒருத்தன் அடிப்பானே, அந்த வியாசர்பாடிக்காரன். அவனை முன்னால நடந்து அடிக்கச் சொல்லு. அவங்களுக்கு இது வழக்கந்தானல.” பிறகு, “அந்தத் தொரையையும் கஸ்டம்ஸ்காரரையும் வரச் சொல்லு. முன்வரிசையில நாற்காலி போட்டுருதேன்” என்றார்.

இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே இருந்ததை நான் கேட்டேன். கேட்கவில்லை என்று இத்தனை வயதுக்குப் பிறகு சொல்ல முடியாது. கிழவர் ஹாலில் நின்று கேட்ட கேள்வியும் அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. எங்கள் முன்னோர்களும் ஒரு காலத்தில் கோயில் வாசலிலும் தெருமுனையிலும் நிறுத்தப்பட்டவர்கள்தான். வீட்டில் அதைப் பெருமூச்சோடு சொல்வார்கள். ஆனால் சாவு வீட்டில் சித்தப்பாவை எதிர்த்துப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. இது பறை இல்லையே, சீமை டிரம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கொருக்குப்பேட்டைக்குப் போனேன்.

அவர் வண்டி வரிசையின் நடுவில் இருந்தார். சேதி சொன்னதும் சுத்தியலைக் கீழே வைத்தார். “அடடா. எப்போ?” என்று என் தோளைப் பிடித்தார். “காலைலேந்து இன்னா சாப்ட்டே? மூஞ்சி இப்டிக் கீதே.”

அதற்குப் பிறகாவது நான் கேட்காமல் திரும்பியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன்.

“தொரை வாசிக்கிறாரா?”

“பியானோவை எப்டித் தூக்கறது அண்ணாத்தே? அவரு வருவாரு. உக்காருவாரு.”

“கிடாரு?”

“அவரும்... உக்காரத்தான்.”

“நீ?”

“நான் சாவு வூட்டுக்காரன்.”

அவர் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். சுத்தியலை எடுத்து அதன் காம்பைத் துடைத்தார். “எத்தினி மணிக்கு எடுக்கறாங்க?”

“நாலு மணிக்கு.”

“வர்றேங்க” என்றார்.

அந்த ‘ங்க’வை நான் கவனிக்கவில்லை. ஒத்துக்கொண்டுவிட்டார் என்ற நிம்மதியோடு வீட்டுக்கு ஓடி, சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

மூன்றரை மணிக்கு வந்தார். கிறிஸ்துமஸுக்குப் போட்ட அதே கறுப்புக் கோட்டு. கையில் ஒன்றும் இல்லை. கார்டு தொரைக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். எங்கள் வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சித்தப்பா நேரே அவரிடம் போனார்.

“என்னப்பா, வெறுங்கையோட வந்திருக்க?”

அவர் எழுந்து கைகூப்பினார். “சாவு சேதி சொன்னாங்க ஐயா. வந்தேன்.”

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் பெட்டியின்மேல் இருந்த பூமாலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசி நேரத்தில் யாரோ ஓடிப்போய், மேளத்தோடு இரண்டு கிழவர்களை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்தார்கள். செருப்பில்லாத கால்களோடு அவர்கள் அடித்துக்கொண்டே முன்னால் நடக்க, பெட்டி போயிற்று. இவர் தொரையோடு கூட்டத்தின் நடுவில் காசிமேட்டுக் கல்லறைத் தோட்டம் வரைக்கும் நடந்தார். குழிக்குப் பக்கத்தில் வந்து ஒரு பிடி மண் அள்ளிப் போட்டார். எங்கள் வீட்டுக்காரர்கள் விலகி வழிவிட்டார்கள், மரியாதையினாலா வேறு எதனாலா என்று சொல்லத் தெரியவில்லை.

திரும்பும்போது அந்த மேளக்காரக் கிழவர்கள் தோட்டத்து வாசலுக்கு வெளியே நின்றிருந்தார்கள். உள்ளே அவர்களைக் கூப்பிடவில்லை. இவர் அவர்களிடம் போய் பீடிக்கு நெருப்புக் கொடுத்து, ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார். நான் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு ஒத்திகைக்கு வராமல் இருந்துவிடுவார் என்று நினைத்தேன். சரியான நேரத்துக்கு வந்தார். எப்போதும் போல அடித்தார், இன்னும் நன்றாகவே அடித்தார். “நீங்க ரெண்டாவது தடவை கொஞ்சம் முந்திட்டீங்க” என்றார் என்னிடம். அன்றிலிருந்து எனக்கு ‘நீங்க’தான். நைனா போய்விட்டது. தொரை, கிடார்க்காரர் யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது. கடற்கரை ரோட்டு நடையும் நின்றது. “யார்டுல வேலை கீதுங்க” என்பார். ஒருமுறை ஹாலைப் பூட்டும்போது, “ஏன் அண்ணாத்தே என்னை இப்படி...” என்று ஆரம்பித்தேன். சாவியைத் திருப்பிக்கொண்டே, “காது அப்டித்தாங்க ஒத்துக்குது” என்றார். நான் கிளாரினெட் பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

இப்படி இரண்டு வருஷம் வாசித்தோம். பிறகு கார்டு தொரையும் கப்பலேறினார். டிரம் செட்டை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். குழு கலைந்தது. இவரை எண்ணூர்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்குக் கல்யாணம் ஆயிற்று, கடை என் கைக்கு வந்தது, கிளாரினெட் பெட்டிக்குள் போயிற்று.

ஏழெட்டு வருஷம் கழித்து, உப்பு வண்டி விஷயமாக எண்ணூருக்குப் போயிருந்தேன். ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் இருந்தார். மீசை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுத்தார். டீ சொன்னார். குழந்தைகளைப் பற்றி விசாரித்தார். உப்பு, மழை, ரயில் எல்லாம் பேசினோம்.

“அப்பா எப்படி இருக்கார்?” என்றேன்.

“பூட்டாருங்க. ரெண்டு வருசம் ஆவுது.”

“எனக்குத் தெரியாதே. சொல்லியே அனுப்பலையே!”

“ஆமாங்க. அனுப்பல.” டீயை ஒரு வாய் குடித்தார். “உங்களுக்குச் சொல்லலாமான்னு வூட்ல கேட்டாங்க. வேணாம்னுட்டேன். சத்தமே வேணாம்னு சொல்லிட்டுப் போனாரு அப்பா. எல்லாரும் பேசாம நடந்தோம்.”

இத்தனை வருஷமாக மனதில் வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னேன். “அன்னிக்கு நான் வந்து கேட்டிருக்கக் கூடாது, அண்ணாத்தே. தப்பு பண்ணிட்டேன்.”

அவர் என்னை நேராகப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை.

“மனுசன் தப்பு பண்றதுதாங்க. மறுநாளு சொல்லியிருக்கலாம். அடுத்த ஞாயிறு சொல்லியிருக்கலாம். வந்தீங்க, வாசிச்சீங்க, போனீங்க. ரெண்டு வருசம். நான் காத்துக்கினுதான் இருந்தேங்க.”

வேலைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். சொல்கிறேன் என்றேன். அவர் லெவல் கிராஸிங்கைத் தாண்டி மறையும்வரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் வந்து இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு போனார்.